சாப்பாட்டுக் குழுவில் ஓர் இடம்

பொது மேலாளர் ஆராவமுதன், ஆபீஸ் கணினியில் 'தொலைநோக்கு உயர்மட்டக் குழு' ஒன்றை உருவாக்கச் சொன்னார். கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் ஜெசிந்தா கருப்புத் திரையில் ஒற்றை வரிக் கட்டளை தட்டி உருவாக்கிக் கொடுத்தாள். உறுப்பினர் அவர் மட்டும்தான். தகுதியான வேறு ஆள் கிடைக்கவில்லையாம்.

ஒரு மாதம் கழித்து அவளிடம் தயங்கித் தயங்கி வந்தார். "நீங்கல்லாம் சாப்பாட்டுக் குழுன்னு ஒண்ணு வெச்சிருக்கீங்களாமே. அதுல என்னையும் சேர்க்க முடியுமாம்மா?"

தட்டினாள். திரை சும்மா இருந்தது.

"ஒண்ணும் சொல்லலையே?"

"தப்புன்னாதான் சார் அது பேசும். பேசலைன்னா சேர்த்தாச்சுன்னு அர்த்தம்."

மறுநாள் மதியம், எல்லோருக்கும் போதுமான புளியோதரையோடு சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தார். அதுவரை கேட்ட சிரிப்பு சட்டென்று நின்றது. யாரும் ஒன்றும் பேசவில்லை. ஆராவமுதன் ஜெசிந்தாவை ஒருமுறை பார்த்துவிட்டு, மெல்ல ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.