சுவரில் ஒட்டிய சீட்டுகள்

பெங்களூரிலிருந்து சனிக்கிழமை சாம்பியன் ரீப்ஸ் சுரங்கக் குடியிருப்பிலுள்ள வீட்டுக்கு வந்த மகிழனை உள்ளே இழுத்து, தங்கை தாரா கதவைத் தாழிட்டாள்.

"மெதுவாப் பேசுண்ணா. எவனோ வூட்டுக்குள்ள வந்து போறான்."

"இன்னாம்மா சொல்ற?"

சுவரிலிருந்து கிழித்தெடுத்த சீட்டுகளை அவள் நீட்டினாள். 'அடுப்பை அணை.' 'பங்காருபேட்டையில் இறங்கு.' 'வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்.'

"எனக்கு உத்தரவு போடறான். வேலைக்குப் போற ரயில்ல நான் எங்க எறங்கணும்னுகூட அவனுக்குத் தெரிஞ்சிகீது. அதான் வேலைக்கும் போகல, டாக்டர்கிட்டயும் போகல."

மகிழன் சீட்டுகளை வாங்கிப் பார்த்தான். போன ஞாயிற்றுக்கிழமை, "எல்லாமே மறந்துபூடுதுண்ணா, எழுதி ஒட்டிட்டுப் போ" என்று அழுதவள் அவள்தான். பக்கத்தில் அவளை உட்காரவைத்துக்கொண்டுதான் அத்தனையையும் அவன் எழுதினான்.

"தாரா, இதெல்லாம் நான் எழுதினதும்மா. நீதானே கேட்ட? ஞாபகமே இல்லியா?"

அவள் அவனையே பார்த்தாள். கண்கள் நிறைந்தன. அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதண்ணா. அப்படிச் சொல்லச் சொல்லி உன்னையும் மெரட்டிக்கீறான், எனக்குப் புரியுது."