பக்கத்து வேன் வயர்

கையும் வயருமா மாட்டிக்கிச்சு அந்தம்மான்னு மீசைக்காரர் ஊரையே கூட்டிட்டார்.

ஊருன்னா என்ன, அந்த மைதானத்துல நிக்கிறதே ரெண்டு வேன்தான். ஒண்ணு அவரோடது, இன்னொண்ணு அந்தம்மாவோடது. அதனால நேர்ல வந்த பேட்டரிக்காரனையும், போன்ல வந்த இடத்துக்காரரையும் சேர்த்து ஊருன்னு வச்சுக்கிட்டார்.

ரெண்டு பேருமே வேன்லயே சமைச்சு வேன்லயே படுக்கிற ஆளுங்க. அந்த மாதிரி வண்டியில ஓட்டுறதுக்கு ஒரு பேட்டரி, உள்ள குடித்தனம் நடத்துறதுக்குத் தனியா ஒரு பேட்டரி. லைட்டு, ஃபேன், குட்டி ஃபிரிட்ஜ் எல்லாம் அந்தக் குடித்தன பேட்டரி புண்ணியம். மீசைக்காரர் லாரி ஓட்டி ஓய்ஞ்ச மனுஷன். தினமும் காலையில இன்ஜினை உறும விட்டு அதை நிரப்பிடுவார். ஆனா கொஞ்ச காலமா, சில நாள் சாயங்காலமானா லைட்டு காய்ச்சக்காரன் கண்ணு மாதிரி மங்குது.

இன்னிக்குக் குளிக்கப் போகையில சோப்பு உருண்டு வண்டிக்கு அடியில போச்சு. எடுக்கக் குனிஞ்சவர் சோப்பை மறந்துட்டார். பக்கத்து வேன்ல இருந்து ஒரு வயர், மண்ணுக்குள்ள பதுங்கி வந்து, அவர் பேட்டரிப் பெட்டிக்குள்ள பூந்திருந்தது.

"உறிஞ்சுறாய்யா. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுறா."

அந்தம்மாகிட்டயே கேட்டிருக்கலாம். ஆனா பேச்சுவார்த்தை கிடையாது. சண்டையும் கிடையாது. வந்த புதுசுல அந்தம்மா ஒரு தடவை இவரைப் பார்த்துச் சிரிச்சாங்க. இவர் தனக்குப் பின்னாடி யாரோ நிக்கிறாங்கன்னு திரும்பிப் பார்த்தார். அதோட சரி.

இடத்துக்காரர் போன்லயே தீர்ப்பு சொல்லிட்டார். திருட்டுன்னு பேட்டரிக்காரன் சொல்லிட்டா, பொழுது சாயறதுக்குள்ள அந்தம்மா வண்டியை எடுத்துடணும். எங்க கொண்டு போறதுன்னு அவரும் சொல்லல, அந்தம்மாவும் கேக்கல. வேன் படியில உக்காந்து, ஒரு அட்டையால விசிறிக்கிட்டே இருந்தாங்க.

பேட்டரிக்காரன் பெட்டியைத் திறந்து மீட்டரை வச்சான். முள்ளு பன்னெண்டு வோல்ட்டைத் தாண்டி நின்னுச்சு. நாடி நல்லாத்தான் இருக்கு, ஆனா நோயாளியைப் பார்த்தா நம்ப முடியலயேன்னான். பேட்டரி வயிறு உப்பி, முனையெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. எப்பப் போட்டதுன்னு கேட்டான். வண்டி வாங்கினப்போ இருந்ததுன்னார் மீசைக்காரர்.

"வண்டி வாங்கினப்போ நான் டவுசர் போட்டிருப்பேன் பெரியவரே."

மீசைக்காரருக்குப் பொத்துக்கிட்டு வந்தது. "பேட்டரியைக் குத்தம் சொல்லாத. அவ வண்டிக்குள்ள போய்ப் பாரு. என் கரண்டுல அரண்மனையே நடத்துவா."

அவன் போய் எட்டிப் பார்த்துட்டு, தலையைச் சொறிஞ்சுக்கிட்டே வந்தான். மேல சோலார் தகடு நல்லா இருக்கு, பேட்டரியும் நல்ல பேட்டரி. ஆனா உள்ள ஃபேன் சுத்தல. லைட்டு ஹோல்டர்ல பல்பே இல்ல. ஃபிரிட்ஜைத் திறந்தா மடிச்ச துணி அடுக்கியிருக்கு.

அப்ப என் கரண்டைப் பாட்டில்ல பிடிச்சு விக்கிறாளான்னு கேட்டார் மீசைக்காரர்.

பேட்டரிக்காரன் அந்தம்மாகிட்ட போய், என்னம்மா இதெல்லாம்னான். அவங்க வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியனா இருந்து போய்ச் சேர்ந்தவர். கூடமாட நின்னு வயரிங் பழகின கை அது, தெரியாமப் பண்ணியிருக்க வழியே இல்ல. அந்தம்மா அவன் மூஞ்சியைப் பார்க்காமயே சொன்னாங்க:

"என்னை வேணா போகச் சொல்லுங்க. அந்த வயரை மட்டும் இப்ப எடுக்காதீங்க."

திருடினது பத்தாதுன்னு சிபாரிசு வேறயான்னு மீசைக்காரர் தானே குனிஞ்சு, வயரைப் பிடிச்சு ஒரே இழுப்பு.

நின்னது அவர் ஃபேன்.

அவர் ஃபிரிட்ஜ் ஒரு தடவை விக்கிட்டு அதுவும் அடங்கிடுச்சு. பேட்டரிக்காரன் திரும்ப மீட்டரை வச்சான். முள்ளு படுத்த படுக்கை, எழுந்திருக்கவே இல்ல.

"பெரியவரே, உங்க பேட்டரி செத்து மாசக்கணக்காச்சு. நீங்க இன்ஜினை ஓட விட்டது பொணத்துக்கு ஊட்டின சோறு. கரண்டு உங்ககிட்ட இருந்து அங்க போகல. அங்க இருந்துதான் இங்க வந்திருக்கு. ரெண்டு வண்டிக்கு அது காணாதுன்னுதான் அவங்க இருட்டுல இருந்திருக்காங்க. மேகம் போட்ட நாள்ல அவங்க பேட்டரி நிரம்பாது, அன்னிக்கெல்லாம் உங்க லைட்டு மங்கியிருக்கு."

மீசைக்காரர் வயரைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னார், பாம்பைப் பிடிச்சவன் விடவும் முடியாம வச்சுக்கவும் முடியாம நிப்பானே, அந்த மாதிரி. போன்ல இடத்துக்காரர் ஹலோ ஹலோன்னுட்டே இருந்தார். நான்தான் தப்பாப் பார்த்துட்டேன், அந்த வண்டி இங்கயே நிக்கட்டும்னு சொல்லி மீசைக்காரர் போனை வச்சார்.

அப்புறம் அந்த வேன் படிகிட்ட போனார். பக்கத்து பக்கத்துல இருந்தும், அவ்வளவு கிட்டப் போறது இதுதான் மொதல் தடவை. 'அவ, இவ'ன்னு பேசின வாய், நீங்கன்னு ஆரம்பிக்கவே கொஞ்ச நேரம் தடுமாறுச்சு.

"ஏம்மா... உங்க வண்டியை இருட்டாப் போட்டுக்கிட்டு, எனக்கு எதுக்கும்மா லைட்டு குடுத்தீங்க?"

அந்தம்மா விசிறுறதை நிறுத்தினாங்க.

"என் வண்டியில லைட்டு எரிஞ்சா நான் இருக்கேன்னுதான் தெரியும். உங்க வண்டியில எரிஞ்சாத்தானே, பக்கத்துல ஒரு ஆள் இருக்குன்னு தெரியும்."