வெள்ளையணுக் கணக்கு

"கறுப்பின்னு பாத்து மருந்து குடுங்க, டாக்டர்."

டாக்டர்களிடம் நிறத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று அம்மா லூசிநேச்சி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். வீட்டின் முதல் பட்டதாரியான ஜண்டீரா, பிரேசிலின் சால்வடோர் நகரப் புற்றுநோய் மருத்துவமனையில் அதைத்தான் முதலில் கேட்டாள்.

டாக்டர் எய்த்தோரின் முகம் சிவந்தது. "இங்க எல்லாரும் ஒண்ணுதாம்மா."

"அதான் வினையே! வெள்ளையணு இத்தனை இருக்கணும்னு நீங்க வெச்சிருக்கிற அளவு வெள்ளைக்காரங்க ரத்தத்தை வெச்சுப் போட்டது. எங்கள்ல பல பேருக்குச் சிவப்பணு மேல ஏற்பிங்கிற ஒரு புரதம் கிடையாது. அதனால வெள்ளையணு ரத்தத்துல கொஞ்சமாவும் திசுவுல நிறையவும் நிக்கும். நீங்க ஊசியில எடுக்குறதுலதான் குறைவு, காவல் குறைவில்ல. நீங்க என்னடான்னா, எண்ணிக்கை ஏறட்டும்னு கீமோவைத் தள்ளிக்கிட்டே போறீங்க. கட்டி காத்திருக்குமா?"

"மருந்தை ஏத்தி, கிருமி தாக்கிச் செத்துப்போனா யார் பதில் சொல்றது?"

"ஏத்தாம செத்தா யார் சொல்றது? ரத்த வங்கியில ஒரு சோதனை பண்ணா ஏற்பி இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும்."

அவர் பேனாவை எடுத்தார். "சரி. நாளைக்கு உங்கம்மாவைக் கூட்டிட்டு வா. சோதிச்சுப் பாத்து ஆரம்பிச்சிடலாம்."

"கீமோவைத் தள்ளி வீட்டுக்கு அனுப்பினீங்களே, அம்மா அங்கயே போயிட்டாங்க. நேத்தே புதைச்சாச்சு."

"அப்ப... யாருக்காகக் கேக்குற?"

"அம்மா இங்க வார்டுல இருந்தப்போ பக்கத்துக் கட்டில்ல இருந்த ஜுரேமா அக்காவுக்கு. அவங்களுக்கும் இதே காரணம் சொல்லித்தானே தள்ளுறீங்க?"

அவர் ஆறுதல் சொல்ல எழுந்தார். ஜண்டீரா அதற்கு நிற்கவில்லை. ஜுரேமாவைத் தானே சக்கர நாற்காலியில் வைத்து ரத்த வங்கிக்குத் தள்ளிக்கொண்டு போவதென்று வரும்போதே முடிவு செய்திருந்தாள். கதவைத் திறந்து வெளியே நடந்தாள்.