கேட்காமல் வந்த பால்

பிராகிலிருந்து கிளம்பிய பழைய நீராவி ரயில் பெருமூச்சு விட்டபடி மேடேறுகிறது. கரி பறக்கிறதென்று யிட்கா அப்போதே ஜன்னலை இழுத்துக் கொக்கி போட்டுவிட்டாள். கண்ணாடியில் வெயில் விட்டுவிட்டு அடிக்கிறது. எதிர் பெஞ்சில் கணவன் ராதிம். சனிக்கிழமைதோறும் கூடுதல் வேலை என்று போகிறவன், இன்றுதான் குடும்பத்தோடு வந்திருக்கிறான். இந்த ரயிலில் ஏறுவது இதுதான் முதல் தடவை என்று காலையில் இரண்டு முறை சொன்னான். பீர் தட்டோடு வரும் பெண், "வெளுப்பா, கறுப்பா, அக்கா?" என்று யிட்காவிடம் கேட்டுக் கறுப்பை வைக்கிறாள். ராதிமிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடியிலிருந்து விளிம்புவரை வெறும் நுரையாகவே நிற்கும் கோப்பையை அவன் முன்னால் வைத்துவிட்டு நகர்கிறாள். அதற்குப் 'பால்' என்று பேர். வாய்விட்டுக் கேட்டால்தான் ஊற்றித் தருவார்கள். "அப்பா, சொல்லாமலே உங்க பால் வந்துடுச்சு!" என்று மகள் அனேஷ்கா சிரிக்கிறாள். "மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுல்ல, பால்குடிப் பிள்ளைன்னு," என்கிறான் ராதிம். குரல் தேவைக்கு மேல் உரக்க வருகிறது. யிட்கா கோப்பையை உயர்த்துகிறாள். "கண்ணப் பாத்து முட்டணும்பா, இல்லேன்னா செல்லாது," என்கிறாள் அனேஷ்கா. கோப்பைகள் முட்டுகின்றன, நுரை யிட்காவின் விரல்களில் வழிகிறது. ராதிம் குனிந்து கண்ணைக் கசக்குகிறான். "கரி விழுந்துடுச்சு, யிட்கா." அவன் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமலே அவள் கையை நீட்டி ஜன்னல் கொக்கியைத் தொட்டுப் பார்க்கிறாள். போட்டது போட்டபடியே இருக்கிறது.