வருஷா வருஷம் செய்வோம்

"ஆன்ட்டி, மாவை அப்படியே வச்சிட்டுக் கால்ல சப்பாத்து மாட்டுங்க. ஃபெர்ரி ஏறப் போகணும்," என்றாள் கிறிஸ்டல்.

அச்சு முறுக்குக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்த ரோசலின் நிமிர்ந்தாள். "இன்னைக்கா? நாளைக்குக் கிறிஸ்துமஸ், பாப்பா. வேலை அவ்வளவு கிடக்கு."

"அதனாலதான் ஆன்ட்டி. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ஃபெர்ரியில போயிட்டு வருவோம். வருஷா வருஷம்."

பக்கத்தில் நின்ற ஜெரமி அக்காவை ஒரு முறை பார்த்துவிட்டு, "வருஷா வருஷம்," என்றான்.

கிறிஸ்டலுக்கு எட்டு வயது, ஜெரமிக்கு ஐந்து. வின்சென்ட்டின் பிள்ளைகள். ரோசலின் அவனுக்கு இரண்டாம் தாரமாக, புக்கிட் மெர்தாஜாமிலிருந்து இந்த ஜார்ஜ்டவுன் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. பிள்ளைகள் அவளிடம் மரியாதையாக இருந்தார்கள். மரியாதையாக மட்டுமே இருந்தார்கள். அவர்களாக வாய் திறந்து ஒன்றைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

ரோசலின் மாவை மூடி வைத்தாள்.

ஃபெர்ரி நடுக்கடலுக்கு வந்ததும் கிறிஸ்டல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன் பெயரை உரக்கக் கத்தினாள். அடுத்து ஜெரமி கத்தினான்.

"இப்ப நீங்க, ஆன்ட்டி."

"நானா? எதுக்கு?"

"அப்படித்தான் செய்வோம். எல்லாரும் கத்தணும்."

"ரோசலின்," என்றாள் அவள் மெதுவாக.

"பத்தாது லா! கடலுக்குக் கேட்கணும்," என்றான் ஜெரமி.

ரோசலின் கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள். ஃபெர்ரியில் வந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

திரும்பி வந்து இறங்கியதும் தேங்காய்ப்பால் ஊற்றிய செண்டோல் ஐஸ் சாப்பிட வேண்டுமாம். முதல் கரண்டியை நாமே சாப்பிடக் கூடாதாம், பக்கத்தில் இருப்பவருக்கு ஊட்ட வேண்டுமாம். கிறிஸ்டல் தம்பிக்கு ஊட்டினாள். ஜெரமி நீட்டிய கரண்டி ரோசலினின் வாய்க்குப் பாதியும் சட்டைக்குப் பாதியுமாக வந்து சேர்ந்தது.

"இதுவும் வருஷா வருஷமா?" என்று கேட்டாள்.

ஜெரமி மறுபடியும் அக்காவைப் பார்த்தான். "ஆமா," என்றாள் கிறிஸ்டல்.

ரோசலினுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வீட்டுக் கூடத்தில், திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில், வின்சென்ட்டின் முதல் மனைவியின் படம் மாட்டியிருக்கிறது. சிரிப்பே இல்லாத, கண்டிப்பான முகம். அந்தப் பெண்ணா ஃபெர்ரியில் நின்று பெயரைக் கத்தினாள்? வின்சென்ட் இதையெல்லாம் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லையே. கேட்கலாமென்றால் வேலை நேரத்தில் அவனுடைய தொழிற்சாலைக்குள் கைப்பேசி கூடாது.

அவளுக்கும் ஆசைகள் இருந்தன. முதல் கிறிஸ்துமஸ். தன் அம்மா வீட்டில் செய்ததுபோல் பலகாரம் சுட்டு, பிள்ளைகளோடு தட்டுத் தட்டாக அண்டை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க நினைத்திருந்தாள். இந்த வீட்டில்தான் எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே ஒரு வழக்கம் இருக்கிறதே. தனக்கு இங்கே எங்கே இடம்?

சாயங்காலம், பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த கிறிஸ்துமஸ் குடிலை எடுத்துக் கூடத்தில் வைத்தாள். "உங்க பழைய குடில் எங்க?"

"உடைஞ்சு போச்சு," என்றாள் கிறிஸ்டல் சட்டென்று.

ஜெரமி கழுதைப் பொம்மையை எடுத்து ரோசலின் கையில் கொடுத்தான். "இதைக் கூரை மேல வைங்க, ஆன்ட்டி."

"கழுதையையா? கூரை மேலயா?"

"வருஷா வருஷம் அங்கதான் இருக்கும்."

"உங்க அம்மா அப்படித்தான் வைப்பாங்களா?"

கிறிஸ்டல் குனிந்து குடிலின் வைக்கோலைச் சரிசெய்தாள். ரோசலின் கழுதையைக் கூரை மேல் வைத்தாள்.

ஆறு மணிக்கு வின்சென்ட் வந்தான். கூடத்துக்குள் நுழைந்தவன் குடிலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். பழைய ஞாபகம் வந்துவிட்டது போலும் என்று ரோசலின் நினைத்தாள். அவனை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"ஏங்க, அவங்க வழக்கத்தையெல்லாம் ஒண்ணுவிடாம செஞ்சிட்டேன். ஃபெர்ரி, செண்டோல், கழுதை எல்லாம். ஆனா நீங்க முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாள் முழுக்க ஒண்ணும் தெரியாம முழிச்சிக்கிட்டு இருந்தேன்."

"எவங்க வழக்கம்?"

"பிள்ளைங்களோட அம்மா வழக்கம்தான்."

வின்சென்ட்டும் விழித்தான். "என்ன சொல்ற, ரோஸி? அவ இருந்தவரைக்கும் கிறிஸ்துமஸுக்குத் தைப்பிங்ல அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருவோம். அவ போய் நாலு வருஷமாச்சு. அன்னையிலேருந்து பிள்ளைங்களைப் பூசைக்குக் கூட்டிட்டுப் போறதோட சரி. இந்த வீட்டுல குடில் வச்சதே இல்ல."

ரோசலினுக்குச் சுருக்கென்று தைத்தது. நாள் முழுக்க இந்தக் குட்டிகள் தன்னை வைத்து விளையாடினார்களா? கூடத்துக்குப் போனாள்.

"கிறிஸ்டல், இங்க பாரு. எதுக்குப் பொய் சொன்ன?"

கிறிஸ்டல் தலை நிமிரவில்லை. ஜெரமிதான் பயந்துபோய்ச் சொல்லிவிட்டான். "அக்காதான் நேத்து எல்லாம் யோசிச்சிச்சு. கழுதை மட்டும் நான் யோசிச்சேன்."

"அதான் எதுக்குன்னு கேட்கிறேன்."

கிறிஸ்டலின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"அம்மா போயிட்டாங்க. அப்புறம் எங்களைப் பார்த்துக்கிட்ட அத்தையும் கல்யாணம் கட்டி ஜொகூர் போயிட்டாங்க. வருஷா வருஷம் செய்யறதுன்னு சொன்னா, அடுத்த வருஷமும் நீங்க இருந்தாகணும்ல, ஆன்ட்டி?"