வாசிக்கப்படாத பன்னிரண்டு ஆண்டுகள்

அவள் எழுந்து நின்றாள்.

தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகை. நூற்றெழுபத்தைந்து ஆண்டுகளில் இச்சபையை நடத்திய போதகர்களின் பெயர்களைச் செயலர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் அந்தக் குடும்பத்தார் எழ வேண்டும். எழுந்தவர்களுக்குச் சால்வை.

“அருள்திரு ஹென்றி வால்ட்டன். 1868 முதல் 1877 வரை.”

வெள்ளைக்காரருக்கு இங்கே பேரப்பிள்ளைகள் இல்லை. யாரும் எழவில்லை. அந்த இடத்தில்தான் அவள் எழுந்தாள்.

செயலர் தாளிலிருந்து தலையை உயர்த்தினார்.

“உங்க பேர் அடுத்ததுதான், பெரியம்மா. கொஞ்சம் உக்காருங்க.”

அடுத்த பெயர் சாமுவேல் பரமானந்தம். அவள் கணவரின் பாட்டனார். அந்தப் பெயருக்காகத்தான் முன்வரிசையில் இடம் கொடுத்திருந்தார்கள்.

அவர் வந்தது 1889இல்.

நடுவில் பன்னிரண்டு ஆண்டுகள்.

அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் இந்தக் கதவைத் திறந்தவர் வேதக்கண் உபதேசியார். குருப்பட்டம் இல்லாதவர். ஞானஸ்நானம் கொடுக்க உரிமையில்லை. நற்கருணை கொடுக்க உரிமையில்லை. புதைக்க மட்டும் விட்டார்கள். தாது வருஷப் பஞ்சத்திலும் பின்னால் வந்த காலராவிலும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரைப் புதைத்தார். அடக்கப் பதிவேட்டில் ஒவ்வொரு வரியும் அவர் கையெழுத்து.

அவளுடைய அப்பாவைப் பெற்றவர்.

மூன்று முறை கமிட்டிக்கு எழுதினாள். பட்டம் பெற்றவர்கள் பெயர் மட்டுமே என்று மூன்று முறையும் பதில் வந்தது.

பின்னால் கிசுகிசுத்தார்கள்.

“வயசாயிடுச்சில்ல. மறதி.”

“அசனச் சோறு ஆறிடும். யாராச்சும் உக்கார வைங்கப்பா.”

ஜன்னல் வழியே சபை விருந்தின் கறிக்குழம்பு மணம் வந்தது. தெருவில் பஸ் ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது.

பக்கத்திலிருந்த மகன் முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

“சபையில நம்ம மானத்த வாங்காதீங்கம்மா.”

“அதுக்குத்தான்டா நிக்கிறேன்.”

குரலைத் தாழ்த்தவில்லை.

கைத்தடியைப் பெஞ்சில் சாய்த்தாள். அது இல்லாமலே நின்றாள். முதுகு வளையவில்லை.

ஆண்டுக்கு ஒரு மூச்சு.

ஏழாவது மூச்சில் கை கைத்தடிப் பக்கம் போய்த் திரும்பியது. எட்டை இன்னும் மெதுவாக விட்டாள்.

பன்னிரண்டு முடிந்தது. செயலரைப் பார்த்துத் தலையசைத்தாள். இனி வாசிக்கலாம்.

“அருள்திரு சாமுவேல் பரமானந்தம். 1889 முதல் 1904 வரை.”

சால்வையை ஏந்திக்கொண்டு போதகரே படியிறங்கி வந்தார்.

அவள் உட்கார்ந்தாள்.

பக்கத்தில் மகன் பாதி எழுந்திருந்தான்.