மிச்ச டப்பா

“விடுங்க மாமா” என்றேன்.

“விட்டுட்டேன் மாப்ளே.”

என்ஜின் அடங்கவில்லை. தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருந்தது.

பானெட்டுக்குள் விட்டிருந்த தலையை எடுத்து எட்டிப் பார்த்தேன். அக்கா புருஷன் டிரைவர் சீட்டில், பாம்பைக் கண்டவர் மாதிரி இரண்டு காலையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே ஆக்சிலரேட்டர் பெடல், யாரும் மிதிக்காமலே தரையோடு படுத்துக் கிடந்தது.

ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பி அணைத்தேன்.

அவர் பெடலைப் பார்க்கவில்லை. தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டு மாதத்துக்கு முன்பு வரை, இந்த வண்டியின் முதலாளியிடம் டிரைவராக இருந்தவர் இவர்தான். முதலாளியின் அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது விளக்குக் கம்பத்தில் இடித்துவிட்டார். அந்த அம்மாவுக்கு மணிக்கட்டு ஒடிந்தது. காலை எடுத்துவிட்டேன், பெடல்தான் மேலே வரவில்லை, வண்டி நன்றாகச் சூடானால்தான் இப்படிச் செய்கிறது என்று எல்லோரிடமும் சத்தியம் பண்ணினார்.

முதலாளி வண்டியை என்னிடம் அனுப்பினார். ராத்திரி முழுக்க நின்ற வண்டி, ஜில்லென்று இருந்தது. பத்துத் தடவை மிதித்துப் பார்த்தேன். பத்துத் தடவையும் பெடல் பந்து மாதிரி எழும்பி வந்தது. அரை மணி ஓடவிட்டுப் பார் என்று மாமா என் பின்னாலேயே சுற்றி வந்தார். வண்டிக்கு மணி பார்க்கத் தெரியுமா மாமா என்று கேட்டேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

முதலாளி எழுதித் தரச் சொன்னார். எனக்கு அப்போதுதான் எழுதப் படிக்க வந்திருந்தது. ஆசை ஆசையாக, பேப்பரில் கோடு போட்டுக்கொண்டு எழுதினேன். வண்டியில் குறை இல்லை. காலில்தான் குறை.

மறுநாள் மாமாவுக்கு வேலை இல்லை.

நான்தான் கூப்பிட்டு என் கடையில் வைத்துக்கொண்டேன். அக்கா குடும்பத்தைத் தாங்குகிறான் என்று சொந்தத்தில் எனக்கு நல்ல பெயர்.

இதில் பெரிய கொடுமை, மாமா என்னை நம்பிவிட்டதுதான். மெக்கானிக் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொந்தக் காலையே சந்தேகப்பட ஆரம்பித்தார். வண்டியைக் கொஞ்சம் ஓரம் கட்டுங்கள் என்றால்கூட ஏற மாட்டார், இறங்கித் தள்ளுவார். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அக்கா அவர் வலது காலை மடியில் எடுத்து வைத்துத் தைலம் தேய்ப்பாள். தைலம் நான் வாங்கித் தருவது.

அதன் பிறகு இந்த வண்டி ஆபீஸுக்கும் வீட்டுக்கும் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடியதில்லை. நேற்று முதலாளியே தூரமாக ஓட்டிப் போய்வந்து, தன் வீட்டுச் சுவரிலேயே மோதியிருக்கிறார். இப்போது கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அதனால்தான் இன்றைக்கு நாற்பது நிமிடம் என்ஜினை ஓடவிட்டேன். முதலாளி சொன்னால் வண்டிக்கு மணி பார்க்கத் தெரியும்.

பெடலை மிதித்துவிட ஆள் வேண்டும். மாமாவைக் கெஞ்சித்தான் உட்கார வைத்திருந்தேன்.

கொஞ்சம் ஆறவிட்டு, பெடலிலிருந்து என்ஜினுக்கு வரும் கேபிளைத் தொட்டுத் தொட்டுத் தேடிக்கொண்டே போனேன். புகைக் குழாய்க்குப் பக்கத்தில் விரல் நின்றது. கேபிளின் உறை குழாயில் சாய்ந்து வெந்து போயிருந்தது. சூடு ஏறினால் இளகி, உள்ளே ஓடும் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். ஆறினால் விட்டுவிடும். கேபிள் சாயாமல் தள்ளிப் பிடிக்க அங்கே ஒரு கிளிப் இருக்க வேண்டும். கிளிப் மாட்டும் ஓட்டை மட்டும்தான் இருந்தது.

புது கேபிளை மாட்டிவிட்டு, மாமாவிடம் மிச்ச டப்பாவை எடுத்து வரச் சொன்னேன்.

என்ஜினைப் பிரித்து மாட்டினால் சின்னச் சாமான் ஒன்றிரண்டு மிச்சம் விழும். கம்பெனிக்காரனுக்குத் தாராள மனசு என்று சிரித்துக்கொண்டே பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவேன். மாமா வந்த பிறகுதான் அந்த டப்பாவுக்கு ஒரு மரியாதை வந்தது. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, அளவு பார்த்துப் பிரித்து அடுக்கியிருந்தார்.

அவர் தேடவே இல்லை. மூலையிலிருந்து கறுப்பாக ஒன்றை எடுத்து நீட்டினார்.

“இது ஒண்ணுதான் எந்த வண்டிக்கும் சேராம கிடந்துச்சு.”

ஓட்டையில் வைத்து அழுத்தினேன். டக்கென்று உட்கார்ந்தது.

கம்பத்தில் இடிப்பதற்கு முந்தின வாரம் இந்த வண்டியின் என்ஜினைப் பிரித்து கேஸ்கட் மாற்றியது நான்தான். வண்டியைக் கொண்டுவந்து விட்டு, முடியும்வரை பக்கத்திலேயே நின்றவர் மாமா. கடைசியில் மிச்சம் விழுந்ததை அவரிடம் காட்டித்தான் கம்பெனிக்காரனின் தாராளத்தைச் சொன்னேன். அன்றைக்கு அவரும் சேர்ந்து சிரித்தார்.

டக்கென்ற சத்தம் அவருக்கும் கேட்டிருந்தது. கிளிப்பைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

என்னப்பா குறை என்று வாசலிலிருந்து முதலாளி குரல் கொடுத்தார்.

நான் துணியை எடுத்துக் கையைத் துடைத்தேன்.

“கேபிள் பழசு சார்” என்றார் மாமா. “தானா இறுகிடுச்சு.”

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

மாமா டப்பாவை மூடி அதன் இடத்தில் வைத்தார். என் பக்கம் திரும்பாமலே சாவிக்குக் கை நீட்டினார். கொடுத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்ற அந்தச் சந்துக்குள்ளிருந்து, ஒன்றிலும் உரசாமல், ஒரே ரிவர்ஸில் எடுத்து முதலாளி நாற்காலிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

அலமாரியில், நேற்று நான் வாங்கி வைத்த தைல பாட்டில் மூடி திறக்காமல் இருந்தது.